புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் என் மீசையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு மீசை இருந்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பதினெட்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். ஒரு தடவைகூட எதையும் சுட்டதில்லை. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடைக்கும் சாமி படக் கடைக்கும் நடுவே, ஏழடி அகலத்தில் இருந்தது எங்கள் கடை. வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவல் இருக்க லைசென்ஸ் வாங்கிய விவசாயிகளுக்குக் கருமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் ஈயக் குண்டும் விற்பதுதான் பிழைப்பு. காட்டுப் பன்றி இல்லாவிட்டால் நம் வீட்டில் அடுப்பு எரியாது என்று என் மனைவி சொல்வாள். கேலியாகத்தான் சொல்வாள், ஆனால் உண்மை அதுதான்.

முதலாளிக்குக் கண்ணில் புரை. அதனால் பழைய ஆயுதம் எதுவும் விலைக்கு வந்தால் பார்த்து மதிப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. இரண்டு மூன்று தடவை தப்பாகச் சொல்லி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்படியே வந்த பழக்கம். வருஷத்துக்கு ஏழெட்டு ரிவால்வராவது வரும். பழைய மிட்டாதார் வீடுகளிலிருந்து, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களிடமிருந்து, மணியக்காரர் குடும்பங்களிலிருந்து. கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்.

"வெள்ளக்காரன் காலத்துதுங்க."

வெள்ளைக்காரன் காலத்து மூட்டைப்பூச்சிகூட நம் ஊரில் ஒசத்திதான். நான் தலையை ஆட்டிவிட்டுக் கையில் வாங்குவேன். குண்டு போடும் உருளையைச் சுற்றிப் பார்ப்பேன். தோட்டாவைத் தட்டும் குதிரையை இழுத்து நிறுத்தினால் உருளை அசையாமல் நிற்கிறதா, ஆடுகிறதா என்று பார்ப்பேன். குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே துரு தின்றிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக, குதிரையின் மூக்கு எங்கே போய் இடிக்கிறது என்று பார்ப்பேன். தோட்டாவின் நடு முதுகில் இடித்தால் ஏதோ ஒரு விலை உண்டு. ஓரத்து விளிம்பில் இடித்தால் அது ரிம்ஃபயர். பழைய முறை. தோட்டாவின் விளிம்புக்குள்ளேயே மருந்தை வைத்து அடைத்திருப்பார்கள், அங்கே தட்டினால்தான் வெடிக்கும். அதிலேயே மிகச் சின்னதாக ஒன்று, பாயிண்ட் டூ டூ என்பது, அதற்குத் தோட்டா இன்னும் வந்துகொண்டிருந்தது, அதனால் மரியாதையும் இருந்தது. அதைவிடப் பெரிய ரிம்ஃபயர் என்றால் தோட்டா செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். திரி கிடைக்காத ஸ்டவ் மாதிரி. பழைய இரும்புக்குப் போடவும் முடியாது, சட்டம் விடாது. லைசென்ஸ் இருக்கிறவன்தான் வாங்கலாம், அவனும் சுடாத சாமானுக்காகத் தன் லைசென்ஸை வீணாக்க மாட்டான்.

இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போனது. சிலர் நான் அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போடும் நாடகம் என்று நினைப்பார்கள். பட்டாளத்துக்காரர் ஒருவர் ஒரே ரிவால்வரை மூன்று வருஷம் தொடர்ந்து கொண்டு வந்தார், பெட்டிக்குள் இருந்தபடியே மதிப்பு வளர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில். தாத்தாவைப் பற்றி நான் தப்பாகப் பேசிவிட்டதைப் போல ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தார். நான் விலை சொன்னது இரும்புக்கு, அவர்கள் கேட்டது குடும்பத்துக்கு. போகப் போக நான் முகத்தையே பார்க்காமல் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

விலையைவிட முக்கியமானது ஒன்று உண்டு, நம்பர். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு நம்பர் வெட்டியிருப்பார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் நம்பரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இருக்கும். பழைய ரிவால்வர்களில் பலவற்றில், கைப்பிடியின் மரக்கட்டையைக் கழற்றினால் உள்ளே இரும்பில் அதே நம்பர் இன்னொரு தடவை வெட்டியிருக்கும். நம்பர் இல்லாத ஆயுதம் கையில் இருந்தாலே குற்றம். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மாதத்து பௌர்ணமி ஒன்றில் அந்த அம்மாள் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர், ஐம்பதைத் தாண்டிய வயது, மழையில் நனைந்த புடவை. கையில் பச்சை ஒயர் கூடை. கூடையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்து பெஞ்சில் வைத்தார். அடுத்து மடித்த வேட்டி ஒன்று. வேட்டியைப் பிரித்தால் ரிவால்வர். குத்துவிளக்கு போல மின்னிக்கொண்டிருந்தது. குழலில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"பஸ்ஸுல இப்படியேவா எடுத்துகினு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மேல கீர வெச்சிருந்தேன் சார். யாரும் பாக்கல."

அதற்கே போலீஸ் பிடித்து உள்ளே வைக்கலாம். அவராகவே சொன்னார். கணவர் முன்பு மணியக்காரராக இருந்தவர், ஆடியில் காலமாகிவிட்டார். லைசென்ஸ் அவர் பெயரில். ஒரே பையன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறான். ஆர்டர் வரவேண்டியதுதான் பாக்கி.

"அவன பத்தி விசாரிக்க போலீஸ்காரங்க வீட்டுக்கு வருவாங்களாம். அதுக்குள்ள இது வீட்ட விட்டுப் போயிடணும்னு சொல்றான். வர்ற வெலைக்கு எடுத்துக்குங்க சார்."

குதிரையை இழுத்துப் பார்த்தேன். மூக்கு விளிம்பில்தான் இடித்தது. பெரிய அளவு ரிம்ஃபயர்.

"இதுக்கு வெல இல்லம்மா. தோட்டாவே வர்றதில்ல."

"மாமனாரு காலத்துல ஒரு கறவ மாட்டு வெலைக்குக் கேட்டாங்களாம். அவரு குடுக்கல."

"அப்ப தோட்டா கெடச்சுதும்மா. இப்ப கெடைக்கல."

அவர் கோபப்படவில்லை. சண்டைக்கும் வரவில்லை. "சரி, வெல வேணாம். வாங்கி வெச்சுகினு ஒரு சீட்டு குடுத்துடுங்க. அது போதும்" என்றார்.

அந்தச் சீட்டைக் கொடுக்கலாம். லைசென்ஸ்காரர் இறந்துபோனால் ஆயுதத்தை எங்களைப் போன்ற கடையில் ஒப்படைக்கலாம், நாங்கள் ரசீது எழுதிக் கொடுப்போம். நம்பர் மட்டும் ஒத்துப்போக வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி நம்பரைப் பார்த்தேன். ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பினேன். கைப்பிடியின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. நம்பர் இல்லை. குழலில் கம்பெனி முத்திரையும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"இதுல இருந்த நம்பர் எங்கம்மா?"

"நம்பரா? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளியும் செங்கல் பொடியும் போட்டு, தேங்கா நார்ல தேய்ப்பேன் சார். நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து என் கைதான். எனக்கு முன்னாடி மாமியாரு. துரு ஒரு பொட்டு இருக்காது பாருங்க."

அவர் முகத்தில் பெருமை. இரண்டு தலைமுறைப் பெண்கள், அறுபது வருஷத்து ஆயுத பூஜைகள், சேர்ந்து அந்த ரிவால்வரின் ஜாதகத்தையே தேய்த்து அழித்துவிட்டார்கள். விளக்கைத் தேய்க்கிறவள் துப்பாக்கியைத் தேய்க்காமல் விடுவாளா? சாமிக்கு முன்னால் அழுக்காக ஒரு பொருளை வைக்கலாமா? ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அவர் செய்ததுதான் சரி என்பாள்.

மரக்கட்டைக்கு அடியில் இன்னொரு நம்பர் இருக்கலாம். எனக்குத் தெரியும். திருப்புளியை எடுத்து, கட்டையைப் பிடித்திருந்த திருகாணியின் காடிப் பள்ளத்தில் வைத்தேன். வைக்க இடமில்லை. வருஷக்கணக்கான சந்தனமும் மஞ்சளும் காடிக்குள் இறுகிக் கல்லாகக் கிடந்தன. ஒரு தடவை அழுத்தித் திருப்பினேன். திருப்புளி வழுக்கிக் கட்டை விரலைக் கிழித்தது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கழன்றுவிடும். மணி இரண்டரை. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மலை சுற்றுகிறவர்கள் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கேப் வாங்க வந்தவர்களிடம் காலை முழுதும் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. முதுகு வலித்தது. விலையே இல்லாத சாமானுக்கு எதற்கு ஒரு மணி நேரம் என்று தோன்றியது. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு விரலைச் சப்பினேன்.

உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "என்னய்யா, நம்பர் ஒத்துப் போகுதா?"

"நம்பரே இல்லீங்க."

"கட்டையக் கழட்டிப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. சொல்லி முடித்த பிறகும் பெரிதாக எதுவும் உறுத்தவில்லை. பசிதான் தெரிந்தது.

நம்பர் இல்லாத ஆயுதத்தை வாங்கி வைத்தால் கடையின் லைசென்ஸ் போய்விடும். திருப்பிக் கொடுத்து அனுப்பினாலும் வம்பு. முதலாளி பயந்த சுபாவம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்லிவிட்டார். வந்த ஏட்டு நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை. புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகாத பொம்பளையைக் கோர்ட் படி ஏற்றுவானேன் என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. "வீட்ல ஆம்பள யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் பையனின் பெயரைச் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஏட்டு கேட்டார், இவர் சொன்னார், பையன் பேரில் வழக்கு எழுதினார்கள், அவ்வளவுதான். பெஞ்சில் முருங்கைக்கீரைக் கட்டு வாடிக்கொண்டிருந்தது. போகும்போது அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பக்கத்து விவசாயிகள் கேப் வாங்க வரும்போது சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையன் மேல் வழக்கு இருக்கிறது என்று வேலை ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாக இழுத்தது. கடைசியில் வழக்கு நிற்கவில்லை, ரிவால்வரை மட்டும் பறிமுதல் செய்துவிட்டு அவனை விட்டுவிட்டார்கள். அதற்குள் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

"அம்மாகிட்ட அவன் பேசறதே இல்ல சார்," என்றார் ஒருவர், கருமருந்துப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டே. "ஒரே வீடுதான். எதுனா வேணும்னா பொண்டாட்டிகிட்ட சொல்லி அனுப்புவான். தேச்சுத் தேச்சு என் சோத்துல மண்ணப் போட்டுட்டாள்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறான். அந்தம்மா அதுலேர்ந்து வீட்ல வெளக்குகூடத் தேய்க்கறது கெடையாதாம்."

நான் பாக்கிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். கட்டைக்கு அடியில் நம்பர் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது, இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் ஒரு வாரம் ஓடும். பிறகு வேறு யாராவது ஒரு பழைய ரிவால்வரை வேட்டியில் சுற்றிக் கொண்டு வருவார். அன்றைக்கு முதல் வேலையாகக் கட்டையைக் கழற்றுவேன். ஒன்றைக்கூட விட்டதில்லை. முதலாளி, நான் மிகவும் பொறுப்பானவனாகிவிட்டேன் என்று நினைத்தார்.

அந்த அம்மாள் வந்துபோய் ஆறு வருஷம் கழித்து, பறிமுதல் செய்த ஆயுதங்களை உடைத்துப் போடுவதற்கு முன் மதிப்பு எழுதித் தரவேண்டும் என்று எங்கள் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. நான்தான் போனேன். ஒரு அரசாங்கக் கட்டடத்தின் பின்கட்டில் கோணி விரித்து எல்லாவற்றையும் குவித்திருந்தார்கள். பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கிகள். நடுவில் அது கிடந்தது. முதலில் அடையாளம் தெரியவில்லை. தேய்க்க ஆளில்லாமல் கறுத்துப் போயிருந்தது. கட்டியிருந்த அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திருகாணியின் காடியில் சந்தனம் அப்படியே இருந்தது.

எதிர் டீக்கடையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு சொட்டு விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முக்கால் மணியில் திருகாணி சுலபமாகத் திரும்பியது. கட்டையை எடுத்தேன். புளியும் செங்கல் பொடியும் அறுபது வருஷமாக எட்டாத அந்த இடத்தில் நம்பர் நேற்று வெட்டியதைப் போல இருந்தது. கோப்பில் பின் குத்தியிருந்த லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அதே நம்பர். ஒரு எண்கூட மாறவில்லை.

கூட இருந்த குமாஸ்தாவிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இப்ப நம்பர் கெடச்சு இன்னா சார்? ஒடைக்கத்தான போறோம். வெலயப் போடுங்க."

மதிப்பு என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிலும் தப்பில்லை. அந்தச் சாமானுக்குச் சந்தையில் விலை கிடையாதுதான். ஒரு குமாஸ்தா உத்தியோகமும் ஒரு தாயும் பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சும் அதற்குள் இருந்திருக்கின்றன, நான் குதிரையின் மூக்கைப் பார்த்து விலை சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தேன். வீட்டு நடையில் அந்த அம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மாடத்தில் இருந்த விளக்கு எண்ணெய்ப் பிசுக்கேறி அட்டைக் கரியாக இருந்தது. பித்தளைத் தவலை பச்சை பிடித்திருந்தது. கேள்விப்பட்டது பொய்யாக இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"கடைக்கார சார்தான?" என்றார். மறக்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைக்கு அடியில் நம்பர் இருந்தது, நான் கழற்றவில்லை, கழற்றியதாகப் பொய் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதற்கு, எனக்கு அலுப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் கை ஐந்தாறு கடலையை உரித்தது. பிறகு நின்றது.

"அப்ப நான் தேச்சதுல போகலயா?"

"மேல இருந்ததுதாம்மா போச்சு. உள்ள இருந்தது அப்படியே இருந்தது. நான்தான் பாக்கல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது. அவங்கிட்ட சொல்லுங்க. பின்னாடி மூட்ட கட்டிகினு இருக்கான்."

மருமகளை அனுப்பிக் கூப்பிட்டார். பையன் வந்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், முன் தலையில் முடி கொட்டியிருந்தது, தோளெல்லாம் கடலைத் தூசி. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இவன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அவன் என்னை அடிக்கவில்லை. நான் ஒரு கம்பம் என்பதைப் போல என்னைத் தாண்டிப் போனான். முறத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். ஒரு பிடி கடலையை அள்ளி, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் கோழி சீய்த்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?" என்று கேட்டான்.

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னும் இல்லடா" என்றார்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டேன். தெருவில் இறங்கி பஸ்ஸுக்கு நடந்தேன்.